கைப்பட்ட கோளாறு

ஊரில் ஒருவன் கலெக்டரானால், அவனைத் தோளில் தூக்கி வளர்த்ததாகச் சொல்லிக்கொண்டு நூறு பேர் வருவார்கள். கொலைகாரனானால், அவன் அந்தத் தெருப்பக்கமே வந்ததில்லை என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்ய இருநூறு பேர் வருவார்கள். தெலுங்கு மண்ணில் இருக்கும் லாலாகுடா ரயில்வே காலனித் தமிழர்கள் முப்பது வருடத்துக்கு மேலாக இந்த இரண்டாவது வேலையைக் குறைவில்லாமல் செய்துவந்தார்கள். எந்த அய்யாக்கண்ணு? ஒர்க்‌ஷாப் முனுசாமி மகனா? முனுசாமிக்கு மகனே கிடையாதே, ஒரே பெண்தானே என்பார்கள்.

அந்த ஒரே பெண் சகுந்தலா. இல்லாமல் ஆக்கப்பட்ட தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான். சகுந்தலாவின் மகள் பானு, தார்நாகாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்தக் கதையில் வருகிறவர்களில் எல்லாரையும்விட நல்லெண்ணம் உள்ளவள் பானு. வினை வந்ததும் அதனால்தான்.

அய்யாக்கண்ணு செய்ததை முதலில் சொல்லிவிடுவோம். எண்பதுகளின் நடுவில் அவன் மொட்டை அடித்துக்கொண்டு, ரயில் போகிற திசைக்கு ஏற்றபடி நாமமோ திருநீறோ இட்டுக்கொண்டு, யாத்திரை முடித்துத் திரும்புகிறவனாக இரண்டாம் வகுப்புப் பெட்டியில் ஏறுவான். கொஞ்சநேரம் எதிரில் இருப்பவரிடம் குடும்பக் கதை பேசுவான். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, "பிரசாதம், எடுத்துக்கோங்க" என்று நீட்டுவான். ரயிலில் முன்பின் தெரியாதவர் கொடுக்கும் பிஸ்கட்டை வேண்டாம் என்று சொல்ல எல்லாத் தாய்மார்களும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல எந்தத் தாயும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஒன்பது பேர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார்கள். அந்த ஒன்பது பேரும் இறங்கவேண்டிய ஊரில் இறங்கவில்லை. அவர்களுடைய பெட்டிகளோடு அய்யாக்கண்ணுதான் இறங்கினான். தொண்ணூறில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

ஏன் செய்தான் என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. மூன்று வயதில் தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததால் மூளைக்குள் நீர் போய்விட்டது என்று ஒருவர் சொன்னார். அம்மை போட்டிருந்தபோது யாரோ வீட்டில் தாளித்துவிட்டார்கள், அதுதான் காரணம் என்றார் இன்னொருவர். உண்மையில் அந்தக் காலனியிலேயே அவனைப்போல் செல்லமாக வளர்ந்த பிள்ளை கிடையாது. தொட்டிலில் இருந்தபோதே அம்மா செத்துப்போனாள். பத்து வயது சகுந்தலா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்துக்கொண்டாள். உலையிலும் நெருப்பிலும் உழைத்துவிட்டு வரும் அப்பாவுக்கு ஒரு முட்டை என்றால் அவனுக்கு இரண்டு. ஒருநாளும் அவன்மேல் கை ஓங்கியதில்லை. ஓங்கினால் செத்துப்போன அம்மா எங்கிருந்தாவது பார்ப்பாள் என்று அவளுக்குப் பயம். தம்பிக்கு மீசை முளைத்து, ஒர்க்‌ஷாப்பில் அப்ரண்டிஸ் ஆன பிறகுதான் அவள் பூபாலனுக்குக் கழுத்தை நீட்டினாள். பானு பிறந்து காது குத்தியபோது மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டவன் அய்யாக்கண்ணுதான். தாய்மாமன் மடியில்லாமல் நம்மில் யாருக்குக் காது குத்தியிருக்கிறார்கள்? ஊசி இறங்கியபோது குழந்தையைவிட அவன்தான் அதிகம் அழுதான் என்று சகுந்தலா ஒருகாலத்தில் சிரித்துக்கொண்டு சொல்வாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

அவனைத் தூக்கில் போட்ட மறுவருடம், யாரும் எதிர்பாராமல், நாற்பது தாண்டிய சகுந்தலாவுக்கு வெங்கட் பிறந்தான். பிள்ளை பிறந்தால் தாய்மாமன் ஜாடை என்பது நம்மவர்கள் ஆசையாகச் சொல்கிற சொல். வெங்கட்டைப் பார்க்க வந்தவர்கள் வாயைத் திறந்துவிட்டு உடனே மூடிக்கொண்டார்கள். அதே அகலமான நெற்றி, அதே குழி விழுந்த மோவாய். அவனுக்கு மொட்டையடிக்க மடி கிடைக்காமல் பூபாலனுடன் வேலை பார்த்த ஒருவர் மடி கொடுத்தார். அப்புறம் அவனை வளர்த்த விதத்தை என்னவென்று சொல்வது! அடித்தால் கெட்டுப்போவானோ, அடிக்காவிட்டால் கெட்டுப்போவானோ என்று தெரியாமல் சகுந்தலா தவித்தாள். நாயைக் கல்லால் அடிக்கிறானா என்று அப்பா பார்ப்பார், தட்டானைப் பிடித்தால் இறக்கையைப் பிய்க்கிறானா என்று அக்கா பார்ப்பாள். இத்தனை பேர் கண்காணித்ததில் அவன் கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிற பிள்ளையாக வளர்ந்தான். படித்து, அப்பா காலமான பிறகு ஹைடெக் சிட்டியில் வேலைக்குப் போய், அங்கே கூட வேலை பார்க்கும் மைதிலியைக் காதலித்தான்.

காதலித்தவன் சும்மா இருக்கக்கூடாதா? மனசாட்சி உள்ளவனாக வளர்ந்துவிட்டானே. மாமாவைப் பற்றி அவளிடம் சொல்லிவிட்டான். அவள் அப்பாவிடம் சொன்னாள். அம்மா இல்லாமல் தன்னை வளர்த்த அப்பா சம்மதிக்காமல் கட்டிக்கொள்ளமாட்டேன் என்றும் சொன்னாள்.

மைதிலியின் அப்பா சுதர்சன் ஏ.எஸ்.ராவ் நகரில் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர். அரசாங்க எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்வீஸ் முழுவதும் ஒரே வேலைதான் பார்த்தார். கெட்டுப்போன சர்க்யூட் போர்டு எதனால் கெட்டது என்று கண்டுபிடிக்கும் வேலை. ஓய்வு பெற்றும் அந்த வேலை அவரை விடவில்லை. கறிவேப்பிலைச் செடி பட்டுப்போனாலும் காரணம் எழுதித் தேதி போட்டு வைப்பவர். பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லாலாகுடாவுக்கு வந்து, பானு கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ஃபேக்டரியில ஒரு போர்டு ஃபெயிலாச்சுன்னா நான் ஒரே கேள்விதான் கேப்பேன். பிறவிக் கோளாறா, கைப்பட்ட கோளாறா? யாரோ கீழ போட்டாங்க, தப்பான வோல்டேஜ் குடுத்தாங்கன்னா அது கைப்பட்டது. அந்த ஒரு போர்டைத் தூக்கிப் போட்டுட்டு மிச்சத்தை அனுப்பிடுவேன். யாரும் ஒண்ணும் செய்யல, தானாவே போச்சுன்னா அது பிறவி. அப்ப அந்த லாட் முழுக்க நிறுத்திடுவேன். கூட வந்த நல்ல போர்டையும் சேத்துத்தான்."

"என் தம்பி போர்டு இல்ல சார்," என்றாள் பானு.

"தெரியுதும்மா. போர்டா இருந்தா டெஸ்ட் பண்ணிப் பாத்திருப்பேனே."

சகுந்தலா நிமிர்ந்தாள். "ஏங்க, கைப்பட்டதுன்னா பரவால்லீங்களா?"

"கைப்பட்டதுன்னா பிரச்சனையே இல்லைம்மா. வளத்தவங்க செஞ்ச தப்புக்கு ரத்தம் என்ன பண்ணும்?" என்று எழுந்துகொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்."

சித்திரை பிறந்து கொஞ்சநாளில் அவரே போன் செய்தார். தனக்குச் சம்மதம், வைகாசியில் நிச்சயதார்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்றார். வெங்கட் போனை வைத்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொண்டு, "அக்கா, ஒப்புக்குன்னாரு, நிஜங்கானே ஒப்புக்குன்னாரு!" என்று பாதித் தெலுங்கில் குதித்தான். தம்பியின் தங்கமான குணத்தைப் பார்த்துத்தான் மனுஷர் மனம் மாறினார் என்று பானு முடிவுகட்டினாள். கணக்கு டீச்சர், எது முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது என்று கூட்டிக் கழித்துப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் யாருக்குக் கணக்கு வரும்?

நிச்சயதார்த்தத்துக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது காலனிக்காரர்களின் வாட்ஸப் குழுவில் எலிசபெத் ஆன்ட்டி ஒரு இணைப்பை அனுப்பியிருந்தார். மேலே, 'நம்ம அய்யாக்கண்ணு!' என்று எழுதி இரண்டு கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார். முப்பது வருடமாக எந்த அய்யாக்கண்ணு என்று கேட்டவர். கீழே ஆளாளுக்கு, அவனோடு கோலி விளையாடியதும், அவன் கையால் வேர்க்கடலை வாங்கித் தின்றதும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவன் கையால் வாங்கித் தின்றுவிட்டு உயிரோடு இருப்பது பெரிய விருதுபோல் ஆகிவிட்டது.

'பாதகர் புராணம்' என்பது அந்த நிகழ்ச்சியின் பெயர். கேட்பதற்கு மட்டும்தான், படம் கிடையாது. தமிழில் வருகிறது, அமீர்பேட்டில் தயாராகிறது. சித்திரையிலேயே வெளியாகிவிட்ட முதல் பகுதிக்கு 'பிரசாதக்காரனின் இளமைப் பருவம்' என்று தலைப்பு. பானு பள்ளிக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டாள். இறந்துபோன ஒன்பது பேரின் பெயர்களை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டு, மெத்தை விளம்பரம் ஒன்று போட்டுவிட்டு, குரல் இறங்கி வந்தது.

"தாயில்லாப் பிள்ளைக்குத் தாயாக வந்தவள் அக்கா. ஆனால் அது தாய்மையா? பழுக்கக் காய்ச்சிய கரண்டி அந்தப் பிஞ்சுத் தொடையில் இறங்கியபோது, இருட்டறையில் இரண்டு நாள் பட்டினி கிடந்தபோது, அய்யாக்கண்ணு என்ற கொலைகாரன் பிறந்தான். அவனைப் பெற்றவள் செத்துவிட்டாள். கொலைகாரனைப் பெற்றவள் சகுந்தலா."

பானுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாற்பத்து மூன்று வருடத்தில் தன் தலையில் ஒரு குட்டுக்கூட வைக்காத அம்மா. பால் பொங்கினால் அடுப்பைக்கூட அதட்டாத அம்மா. உலகத்துக்கெல்லாம் ஒரு காரணம் தேவை என்பதற்காக, கையில் அகப்பட்ட கிழவியை நிறுத்தி வைத்துவிட்டார்கள்! எட்டாம் வகுப்புக்கு அன்று பானு ஒரே கணக்கை இரண்டு முறை போட்டாள், இரண்டு முறையும் தப்பாகப் போட்டாள்.

மறுநாள் மெட்ரோ பிடித்து அமீர்பேட்டுக்குப் போனாள். கோச்சிங் சென்டர் பலகைகளுக்கு இடையில் வழி கண்டுபிடித்து, ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு மேல் மாடியில், எதிரொலி அடங்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறையில், நிகழ்ச்சி நடத்தும் கிரியைப் பிடித்தாள். கோயம்புத்தூர்ப் பையன். சாஃப்ட்வேர் படிக்க வந்து, வேலை கிடைக்காமல், கொலையில் இறங்கியவன். பானு போட்ட சத்தத்தைப் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

"இருங்கக்கா, கோவிச்சுக்காதீங்க. நாங்களா ஒண்ணுமே சேக்கலைங்க. குடும்பத்துக்கு ரொம்ப வேண்டியவங்க சொன்னதுங்க. பேர் வெளிய வரக்கூடாதுன்னு கையப் புடிச்சுக் கேட்டுக்கிட்டாங்க."

"எங்க குடும்பத்துக்கு வேண்டியவங்களே கிடையாது. எந்தக் காலனிப் பொறம்போக்கு சொல்லிச்சு?"

"அது சொல்லக்கூடாதுங்கக்கா. ஆனா நீங்க மறுத்துப் பேசறதா இருந்தா இப்பவே ரெக்கார்ட் பண்ணிக்கலாங்க. கொலைகாரனோட சொந்த அக்கா பொண்ணு! முதல் பகுதியைத் திருத்தித் திரும்ப விடலாங்க," என்று உற்சாகமாக மைக்கை அவள் பக்கம் திருப்பினான். சண்டை போட வந்தவளுக்கு அவனே தண்ணீரும் கொண்டுவந்து வைத்தான்.

பானு பேசினாள். அப்படி அவள் வாழ்நாளில் பேசியதில்லை. இரண்டு முட்டையைச் சொன்னாள். மாமாவுக்குக் காய்ச்சல் என்றால் அம்மா கீழே படுக்காமல் தொட்டில் கயிற்றைப் பிடித்தபடியே தூங்கியதைச் சொன்னாள். கைப்பையிலிருந்து காதுகுத்து போட்டோவை எடுத்துக் காட்டினாள். மாமன் மடியில் அவள், கண் கலங்கிய மாமன், பின்னால் நின்று தம்பியின் தோளைத் தட்டிக்கொண்டிருக்கும் அம்மா. கிரி அதை நிகழ்ச்சியின் அட்டையில் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டான், கொடுத்தாள். கடைசியில் அவன், "அப்படின்னா அவர் ஏனுங்க அப்படி ஆனார்?" என்று கேட்டான்.

"ஏன்னு கேட்டா எனக்கு எப்படித் தெரியும்? ஒரு அடிகூட எங்கம்மா கையால அவருக்கு விழல. ஒரு வேளை பட்டினி கெடந்ததில்ல. யாரும் அவர அப்படி ஆக்கல. பொறப்பே அப்படி. அதுக்கு எங்கம்மா இன்னா பண்ணுவாங்க?"

கிரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அன்று பானு வீட்டுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போனாள்.

திருத்திய பகுதி வியாழக்கிழமை வெளியானது. பானு சாயங்காலம் அம்மாவைக் கூடத்தில் உட்காரவைத்து, போனைத் தண்ணீர்ச் சொம்புமேல் சாய்த்து வைத்துப் போட்டுக் காட்டினாள். சகுந்தலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். மகள் தன்னைப் பற்றிப் பேசியதைக் கேட்டுக் கண் நிறைந்தது. இரண்டு முட்டைக் கதையில் சிரித்தாள்கூட. 'பொறப்பே அப்படி' என்று வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இது எல்லாருக்கும் போவுமா?"

"உலகம் பூரா போயிடுச்சும்மா."

"ஏ.எஸ்.ராவ் நகருக்கு?"

"அங்க மட்டும் போவாம இருக்குமா? ஏம்மா? உன் பேரக் கெடுத்தவன் எவன்னு மட்டும் தெரியட்டும்..."

"நான்தான்டி," என்றாள் சகுந்தலா.

பானுவுக்குப் புரியவில்லை. சகுந்தலா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அந்தப் புள்ள கிரி, நம்ம வூட்டுக்கு வந்துச்சு. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. கரண்டி, இருட்டு ரூமு, பட்டினி எல்லாம் நான் சொன்னதுதான். 'பழுக்கக் காய்ச்சி'ன்றத மட்டும் அதுவா சேத்துக்கிச்சு."

"கைக்கும்மா?" பானுவுக்குக் கோபம் முற்றினால் தக்கனி உருது வந்துவிடும், 'ஏன்' என்பது 'கைக்கு' ஆகிவிடும். "கைக்கு அப்படிச் சொன்ன?"

"கைப்பட்டதுன்னா பிரச்சனையில்லன்னு அந்த மனுஷன் சொன்னாரே, நீயும் பக்கத்துல நின்னுதானே கேட்டுக்குனு இருந்த? யார் கைய நான் காட்டுறது? எங்கம்மா செத்துட்டா. எங்கப்பா செத்துட்டாரு. உசுரோட இருக்கிறது என் கை ஒண்ணுதான். என் கைதான் பட்டுச்சுன்னு வச்சிக்கட்டுமே. எனக்கு இன்னா கல்யாணமா காச்சியா?"

பானு தலையில் அடித்துக்கொண்டாள். பங்குனியில் வந்த கேள்வியும், சித்திரையில் வந்த பதிலும், நடுவில் வெளியான அந்த முதல் பகுதியும் இப்போதுதான் ஒரே வரியில் வந்து நின்றன. அம்மா தன் பெயரைக் கொடுத்துத் தம்பிக்கு வாங்கிவைத்த கல்யாணத்தை, அம்மா பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று போய் அவளே கெடுத்துவிட்டு வந்திருக்கிறாள். போதாக்குறைக்குப் பூ வேறு வாங்கி வந்தாள்.

சுதர்சன் தாமதிக்கிறவர் அல்ல. வெள்ளிக்கிழமை காலையிலேயே வெங்கட்டுக்குப் போன் வந்தது. நிச்சயதார்த்தத்தைத் தள்ளிவைப்போம், இப்போதைக்கு எதுவும் கேட்கவேண்டாம் என்றார். வெங்கட் போனை வைத்துவிட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றான். சவரம் செய்யவும் இல்லை, முகம் கழுவவும் இல்லை. அந்த நெற்றியையும் மோவாயையும் பார்த்துக்கொண்டே நின்றான். வாசல்வரை போன பானு கதவைத் தட்டத் தைரியம் இல்லாமல் திரும்பிவந்தாள்.

"கெளம்புடி," என்றாள் சகுந்தலா. "அவனுக்குத் தெரிய வேணாம். கேட்டான்னா உண்மையச் சொல்லிடுவான், சனியன்."

இரண்டு பேரும் பஸ் ஏறி ஏ.எஸ்.ராவ் நகருக்குப் போனார்கள். சுதர்சன் மரியாதையாகத்தான் வரவேற்றார். மைதிலி உள்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகமும் அழுது வீங்கியிருந்தது.

"என்கிட்ட இப்ப ரெண்டு ரிப்போர்ட் இருக்கு," என்றார் சுதர்சன். "ஒண்ணுக்கொண்ணு நேர் எதிர். நான் எதை எடுத்துக்கறது?"

"மொதல்ல வந்ததுதாங்க நெசம்," என்றாள் சகுந்தலா, பாடம் ஒப்பிக்கிற குழந்தையின் குரலில். "அடிச்சேன். சூடு வச்சேன். சோறு போடாம பூட்டி வச்சேன். சின்ன வயசுல எனக்கு ரொம்பக் கோவம் வரும். பெத்த பொண்ணு, அம்மாவ விட்டுக்குடுக்க மனசு வரல, அதான் மாத்திப் பேசிட்டா."

சுதர்சன் பானு பக்கம் திரும்பினார். "நீங்க டீச்சர். பொய் சொல்லமாட்டீங்க. அம்மா சொல்றது சரியா?"

தவறு யாருடையதோ அவர்களே திருத்த வேண்டும் என்று பானு பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. அம்மாவின் கைகள் மடியில் கிடந்தன. காய்ச்சல் வந்தால் நெற்றியில் விழுகிற கைகள், தலைக்கு எண்ணெய் வைக்கும்போதுகூட அழுத்தித் தேய்க்கத் தெரியாத கைகள். அவற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆமா சார். அடிப்பாங்க. என்னையும் அடிச்சிருக்காங்க."

"கரண்டியால?"

"கரண்டியாலயும்."

சுதர்சன் முகம் சுருங்கியது. மனுஷர் வேலையில் கெட்டிக்காரர். "அப்ப மாப்பிள்ளை? அவரையும் இவங்கதானே வளர்த்தது?"

இந்தக் கேள்வியைப் பானு எதிர்பார்க்கவில்லை. ஆனால் பொய் நன்றாக ஓட ஆரம்பித்துவிட்டால் வழியில் உண்மையையும் ஏற்றிக்கொள்ளும். "மாமா விஷயத்துக்கு அப்புறம் அம்மா யார் மேலயும் கை ஓங்கல சார். வெங்கட் அதுக்கப்புறம் பொறந்தவன். அவன் மேல ஒரு விரல் பட்டதில்ல. அவன் அம்மை ஊசி போட்டுக்கிட்டப்பகூட அம்மாதான் அழுதாங்க."

சுதர்சன் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. சர்வீஸில் எத்தனையோ அறிக்கைகளை மூடி வைத்தபோது வந்த நிம்மதியாக இருக்க வேண்டும். "கரெக்டிவ் ஆக்‌ஷன் எடுத்திருக்காங்க," என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "தப்பு நடந்திருக்கு, தப்பை ஒத்துக்கிட்டிருக்காங்க, அடுத்த பீஸ்ல திருத்தியிருக்காங்க. இதுக்கு மேல என்ன வேணும்? தேதி மாற வேண்டாம்மா. வைகாசியிலயே வச்சுக்கலாம்."

மைதிலி காபி கொண்டுவந்தாள். பானுவின் கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தாள். சகுந்தலாவின் பக்கம் வந்தபோது கையை நீட்டாமல், டீப்பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். அந்தக் கண்களில் இருந்தது பயம். சகுந்தலா அதைப் பார்க்காதவளாகக் காபியை எடுத்து, நல்லா இருக்கு என்றாள்.

கிளம்பும்போது சுதர்சன் வாசல்வரை வந்தார். கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு. மைதிலி கேக்கச் சொன்னா. நாளைக்குக் குழந்தை குட்டின்னு ஆச்சுன்னா, வளர்ப்பு முழுக்க இங்க நாங்க பாத்துக்கறோம். நீங்க வந்து பாக்கலாம், தாராளமா பாக்கலாம். ஆனா தூக்கி வச்சுக்கறது, குளிப்பாட்டறது, அதெல்லாம் வேண்டாமே. வருத்தப்படாதீங்க."

பானு வாயைத் திறந்தாள். சகுந்தலா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"ஹவ், ஆமாங்க, அதான் சரிங்க," என்றாள் சகுந்தலா. "எங்கிட்ட வுடாதீங்க. நான் தூர நின்னு பாத்துக்கறேன்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கண்டக்டர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டுப் பெண்களுக்கான இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். பானு ஜன்னல் பக்கம் திரும்பி வெட்கமில்லாமல் அழுதாள். சகுந்தலா கொஞ்சநேரம் விட்டுவிட்டு, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"அழாதடி. நல்லாத்தான் சொன்ன. கரண்டியாலயும்னு சொன்ன பாரு, நானே நம்பிட்டேன்."

பானுவுக்கு அழுகை அதிகமாகியது. பஸ் நிறுத்தம் நிறுத்தமாக நின்று நின்று போனது. சகுந்தலா தன் உள்ளங்கைகளை மடியில் விரித்து, அவை யாருடையவோ என்பதுபோல் வெகுநேரம் பார்த்தாள்.

"அடிச்சேன், அடிச்சேன்னு சொல்லிச் சொல்லி, இன்னிக்கு அங்க உக்காந்திருந்தப்ப ஒண்ணு தோணுச்சுடி," என்றாள் மெதுவாக. "அவன நான் ஒரு தடவயாச்சும் அடிச்சிருக்கணும்."